காப்பு கறுக்கும் நாள்

கறுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் யோசிக்கக் கூடாது, வேறு எதையாவது யோசிக்க வேண்டும், பால் பாத்திரத்தை மூடினோமா, பின்கதவைத் தாழிட்டோமா, தையல் கம்பெனியில் பாதியில் விட்டுவந்த காலர்களை யார் முடிப்பார்கள்... எதை எடுத்தாலும் அது சுற்றிச் சுற்றிப் புருஷனின் மணிக்கட்டிலேயே வந்து நிற்கிறது. பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். இந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை, பித்தான்கூடக் கழற்றவில்லை. சட்டைக்குள் காப்பு, காப்பின் மேல் ஷூ பாலிஷ். பாலிஷ்தான், அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. ஐஸ் ஃபேக்டரிக்கு ரப்பர் பூட்ஸ் போட்டுப் போகிற மனுஷன் வீட்டில் கறுப்பு பாலிஷ் டப்பா எதற்கு, அதுவும் குளியலறையில், துணி சோப்புக்குப் பின்னால்? தலையணை உறையில் கறுப்பாய் ஒரு தீற்றல் இருந்ததே, அதைக் கேட்டாளா? இல்லை. தனியாக ஊற வைத்துத் துவைத்துப் போட்டாள். கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பான். அந்தப் பதிலைக் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை.

எல்லா வருடமும் இதே கூடம், இதே பெஞ்சு, இதே பினாயில் நாற்றம். சூட்டுக்கைக்காரர்கள் அத்தனை பேரும் வருடத்துக்கு ஒரு முறை வந்து, காப்பைக் கழற்றிக் கழுவி, மறுபடி பூட்டிக்கொண்டு போக வேண்டும். தொட்டாலே சூடேற்றுகிற கை, கோபம் வந்தால் எரித்துவிடுகிற கை, அதை வெறுமனே விட்டுவைக்க முடியாது என்று சட்டம். சாவி அலுவலகத்தில் இருக்கும், பூட்டுவது மட்டும் வீட்டு மனுஷர். அந்த உலோகம் அப்படி. போட்டிருப்பவருக்குப் பூட்டியவர் மேல் உயிர் இருந்தால்தான் அது கறுக்கும், கறுத்தால்தான் கை அடங்கும். கழற்றினாலும் வெளுக்கும், பாசம் விட்டுப்போனாலும் வெளுக்கும், வெளுத்த காப்பு வெறும் தகரம். பூட்டியும் கறுக்காதவர்களை ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருக்கிற விடுதிக்கு அனுப்புவார்கள். விடுதி என்றுதான் பெயர். அங்கே போய்த் திரும்பியவர் எவரையும் அவள் பார்த்ததில்லை. ஓடிப்போனாலோ, பூட்டியவரைப் பிடித்து உள்ளே வைப்பார்கள்... யார் யோசித்துச் செய்தார்களோ, நன்றாகத்தான் யோசித்திருக்கிறார்கள். சங்கிலி செய்ய இரும்பு தேடி அலையவில்லை, வீட்டுக்குள்ளிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

எதிர்ப் பெஞ்சில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெரியம்மா, போன வருடமும் வந்திருந்தவள், கணவரின் தோளைத் தட்டிக்கொண்டே சொல்கிறாள், "எங்க வீட்டுக்காரருக்குப் பூட்டுன கையோட கரிக்கட்டையா ஆயிடும்மா. ஒரு நிமிஷம் தாங்காது." அந்தப் பெரியவர் கண்ணைத் திறக்காமலே, "பயத்துல கறுக்குதுடி அது" என்கிறார், பெஞ்சு முழுக்கச் சிரிக்கிறது. "பேசாம இருங்க, வாய் மட்டும் அடங்க மாட்டேங்குது. அதுக்கு ஒரு காப்பு கண்டுபிடிக்கலையே இவங்க." பிறகு இவளிடம், "உங்க வீட்டுல எப்படிம்மா?" நல்லாக் கறுக்கும் பெரியம்மா, என்றாள். சிரித்தும் வைத்தாள். இவளும்தானே இதே பெஞ்சில் உட்கார்ந்து பெருமை அடித்திருக்கிறாள்? கல்யாணமான புதிதில் காப்பு எவ்வளவு கறுப்பு என்று தோழிகளிடம் அவன் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள், கூச்சமே இல்லாமல், புதுப் புடவையைக் காட்டுவதுபோல. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கையை நீட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். அந்தச் சிரிப்பை வெட்கம் என்று நினைத்தாளே... வெட்கம்தானா அது?

அப்பா சம்மதிக்கவே இல்லை. அப்பாவுக்கு முகத்தில் ஒரு பாதி கிடையாது, சந்தைத் தெரு எரிந்தபோது போனது. யாரோ ஒரு சூட்டுக்கைக்காரன், ஏதோ ஒரு தகராறு, கடைத் தூணில் கையை வைத்தான், தெருவே போயிற்று. அப்பா சாப்பிடும்போது ஒரு பக்கமாகவே மெல்லுவார், மறுபக்கம் வழிந்தால் அவளே துடைத்துவிடுவாள். அப்படி வளர்ந்தவளிடம் போய்க் காப்பு தப்பு என்று யார் சொல்ல முடியும்? "முதல்ல பூட்டு. கறுத்தா கட்டி வைக்கிறேன்" என்றார் அப்பா. இதே கூடத்தில் பூட்டினாள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது, அப்பா இருந்த பாதி முகத்தால் அழுதார். "மாப்பிள்ளை" என்று அன்றைக்குத்தான் கூப்பிட்டார். நியாயம்தான், எல்லாமே நியாயம்தான். எரித்தவன் ஒருத்தன், கட்டுப்பட்டது அத்தனை பேரும் என்று இவன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். அப்பா முகத்தைப் பார்த்ததும், குழம்பு நன்றாக இருக்கிறது என்று பேச்சை மாற்றிவிட்டான்.

பெஞ்சின் கோடியில் ஒரு அம்மாவும் சின்னப் பெண்ணும். பெண்ணுக்கு முதல் காப்பு போலிருக்கிறது, ரிப்பன் எல்லாம் கட்டி அழைத்து வந்திருக்கிறாள். "தூங்கறப்ப கழட்டிக்கலாமாம்மா?" "இல்லடா தங்கம்." "குளிக்கறப்ப?" "இல்லடா." "அப்ப பூனைக்குட்டிக்குக் குளிர்னா?" அந்த அம்மா ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டினாள். குழந்தைகளுக்குச் சிக்கலே வராது, உடனே கறுத்துவிடும், அதிகாரிகளுக்கே குழந்தைகள் என்றால் வேலை சுலபம். பக்கத்தில் அவன் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்காதே, என்று மனதுக்குள் சொன்னாள். நானும் பார்க்க மாட்டேன், நீயும் பார்க்காதே.

பாப்பா. பெயர் வைக்கவில்லை, பெயர் வைக்கிற அளவுக்கு இருக்கவில்லை. நாள் ஆகும் முன்பே வந்துவிட்டாள், உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி. சூடாக வைத்துக்கொள்ளுங்கள், அது ஒன்றுதான் மருந்து, என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள். விளக்கு போட்டு, போர்வை போட்டு, எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன குளிர்காலத்தில் அந்தப் புயல். கம்பங்கள் சாய்ந்தன, கரண்ட் போயிற்று, தெருவில் மரங்கள். விறகு நனைந்து புகைந்தது. அவள் ரவிக்கையை அவிழ்த்து மார்போடு போட்டுக்கொண்டாள், ஆனால் அவள் உடம்பே வெடவெடத்தது. அவன் ஈர மரங்களைத் தாண்டிச் சாவி கேட்டு அலுவலகத்துக்கு ஓடிப்போய் வந்தான், பூட்டிக் கிடந்தது. ஐஸ் பாளம் இழுக்கிற கொக்கியைக் காப்புக்குள் விட்டு நெம்பினான், வாசல்படியில் வைத்து அடித்தான், தோல் கிழிந்து ரத்தம் வந்ததே தவிரக் காப்பு அசையவில்லை. பிறகு பாப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டான். வெறும் கை. எல்லா அப்பாக்களுக்கும் இருக்கிற கை. "வா, வா, வந்துடு" என்று அவன் தன் கையைத்தான் கெஞ்சினான், குழந்தையை இல்லை. சாயங்காலத்துக்குள் அவன் தினமும் ஃபேக்டரியில் தூக்குகிற பாளம் மாதிரி ஆகிவிட்டாள். அவன் கீழே வைக்கவே இல்லை.

அன்றைக்குக் காப்பு கறுப்பாக இருந்தது. பாலிஷ் இல்லை, நிஜக் கறுப்பு. ரத்தத்தைத் துடைத்துவிட்டது அவள்தான், நன்றாக நினைவிருக்கிறது. இத்தனை நாள் இதை ஏன் நினைக்கவில்லை, நினைத்தும் ஏன் அந்தப் பக்கம் போகவில்லை? அன்றைக்கு அவனுக்கு என்மேல் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால்... காலையில் ஏதாவது சண்டை போட்டிருந்தால், அவன் தாங்க முடியாத ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால், அவனை வெறுக்க வைத்திருந்தால்... பாப்பா இருந்திருப்பாள். உட்காரப் பழகியிருப்பாள். என்மேல் வைத்த பிரியத்தில்தான் குழந்தை குளிர்ந்து போனாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் பைத்தியம் என்பார்களா, அவனும் இதையேதான் நினைத்தானா, நினைத்துத்தான் வெளுத்ததா?

ஏனென்றால் அதற்கப்புறம்தான் இந்த டீ விஷயம். காலையில் அவன்தான் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுப்பான், அது பழைய வழக்கம். அவள் கூந்தலை முடிந்து, பாயைச் சுருட்டி வருவதற்குள் ஆறிப்போகும், அதுவும் பழைய வழக்கம், அதற்கு ஒரு சண்டையும் உண்டு. இப்போது கொஞ்ச நாளாக ஆறுவதே இல்லை. எவ்வளவு நேரம் கழித்துக் குடித்தாலும் நாக்கைச் சுடுகிறது. முதலில் வெயில் காலம் என்று நினைத்தாள். அப்புறம் பாலிஷ் டப்பாவைப் பார்த்தாள். அப்படியானால் காப்பு செத்துவிட்டது, அப்படியானால் அவனுக்கு என்மேல் எதுவும் இல்லை, ஆனால் போகவில்லையே? கையை மடக்கினால் தகரம் உருகிவிழும், பஸ் ஏறினால் வேறு ஊர். போகாமல் பாலிஷ் தடவிக்கொண்டு வேலைக்குப் போய், வந்து, தட்டைக் கழுவி, காலையில் டம்ளரை இரண்டு கையாலும் பொத்திச் சூடாக்கி... பரிதாபமா? நம்மால் இவள் உள்ளே போக வேண்டாமே என்கிற கடமையா? கறுத்த காப்போடு இருந்தவன் இருந்தாக வேண்டியவன், வெளுத்த காப்போடும் இருக்கிறவனை என்னவென்று சொல்வது? அதற்கு ஒரு உலோகமும் கண்டுபிடிக்கவில்லையே.

உள்ளே போன பெரியவரின் காப்பு கறுத்துவிட்டது போலிருக்கிறது, கைதட்டல் கேட்டது. அடுத்தது அந்தச் சின்னப் பெண், அதற்கடுத்தது இவர்கள். மற்றவர் முன்னால் "நீங்க", இருவர் மட்டும் இருக்கும்போது "நீ", பாப்பாவுக்குப் பிறகு இருவர் மட்டும் என்று ஒரு பேச்சே இல்லாமல் போயிருந்தது.

"நீ போயிடு" என்றாள், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி.

"என்ன?"

"பாத்ரூம் பக்கம் ஒரு வாசல் இருக்கு, ஆள் கிடையாது. பாலிஷ் டப்பாவை நான் பாத்துட்டேன். உள்ள போனா கறுக்காது. போயிடு."

அவன் விரல் மணிக்கட்டுப் பித்தானுக்குப் போனது. "எப்பலேர்ந்து தெரியும்?"

"தலையணை உறையிலேர்ந்து."

"சொல்லவே இல்ல."

"நீ சொன்னியா?"

"உன்னப் பிடிச்சு உள்ள போடுவாங்கடி."

"போடட்டும். அங்கயும் காலர் தைக்கத்தான் விடுவாங்க. போ. எனக்காக இருக்காத. எனக்காக இருந்தது போதும்."

அவன் எழுந்தான். போகிறான் என்றே நினைத்தாள், நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி லேசானது. அவன் சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தான், கொஞ்சம் நெருக்கமாக. அவர்கள் முறை வந்துவிட்டது.

உள்ளே, கழுவும் தொட்டிக்கருகில் இருந்த பெண் சாவி போட்டுக் கழற்றினாள். சுவரோரம் இரண்டு காவலர்கள் தண்ணீர்க் குழாயைத் தயாராகப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விட்டார்கள். துடைத்த துணியில் கறுப்பு ஒட்டியது. "என்ன இது, மையா?" "ஃபேக்டரி கிரீஸ்" என்றான். அவள் துணியை முகர்ந்து பார்த்தாள், அவனைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். துணியை அலசிப் பிழிந்து கொடியில் போட்டாள். "பூட்டும்மா."

கொக்கி டக்கென்று விழுந்தது. வெள்ளை. அதிகாரி குனிந்து பார்த்தார், வெள்ளையாகவே இருந்தது. கறுக்கட்டும் என்று வேண்டினாளா, வேண்டாம் என்று வேண்டினாளா, அவளுக்கே தெரியவில்லை, கறுக்காவிட்டால் அவன் போய்விடுகிறான், கறுத்தால் அவன் கை போய்விடுகிறது. அவன் காப்பைப் பார்க்கவே இல்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், பாப்பா பிறந்த அன்றைக்குப் பார்த்தது மாதிரி. கொக்கியின் ஓரத்தில் ஒரு புள்ளி. பழம் கன்றுவதுபோல மெல்லப் பரவி, வளைந்து, முழுக்கச் சுற்றிவந்து மூடியது. வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா, "அடேயப்பா, எங்காத்தா, எங்க வீட்டுக்காரரைத் தூக்கிச் சாப்பிட்டுருச்சே!" என்றாள். மறுபடியும் கைதட்டல்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் டீ வாங்கிவந்தான். கொடுக்கும் முன் பழக்கதோஷத்தில் டம்ளரை இரண்டு கையாலும் பொத்திக் கொஞ்சம் நின்றான். பிறகுதான் நினைவு வந்ததுபோலக் கையைப் பார்த்துக்கொண்டான். அவள் வாங்கிக் குடித்தாள்.

"ஆறிடுச்சா?"

"இல்ல. சூடாத்தான் இருக்கு."

போ என்று சொன்னாளே, அந்த ஒரு சொல், அதுதான் பூட்டிவிட்டது. சொல்லாமல் இருந்திருந்தால் ஆற்றுக்கு அந்தப்பக்கம், சொன்னதால் இந்தப்பக்கம். அவ்வளவுதான் வித்தியாசம். இனிக் குளிர்காலம் வரும். இன்னொரு பாப்பா வேண்டும் என்று அவன் ஒருநாள் கேட்பான், இன்றைக்குப் பார்த்த பார்வைக்குக் கட்டாயம் கேட்பான். அப்போது இந்தக் கை சுட வேண்டும் என்றால் அவள் அவனுக்கு வேண்டாதவள் ஆக வேண்டும். என்ன சொன்னால் வெறுப்பான், எந்த வார்த்தைக்கு மனசு விட்டுப்போகும், தேடினால் கிடைக்காமல் போகாது, இத்தனை வருடம் கூட இருந்தவளுக்குத் தெரியாதா...

அவன் கை அவள் கைக்குள் வந்தது, சில்லென்று. கையை எடுத்துவிடலாம், இப்போதே, இங்கிருந்தே ஆரம்பிக்கலாம் என்று நினைத்தாள். பஸ் வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. நிற்கட்டும், பஸ் வந்து நிற்கட்டும், அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று அவன் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.