பாத்துக்கலாம்

புதிதாகத் திறந்த உணவகத்தில் முதலில் மூக்கில் ஏறுவது சாப்பாட்டு வாசனை அல்ல, பசை வாசனை. நாற்காலி மெத்தையிலும், சுவரில் ஒட்டிய மூங்கில் பலகையிலும் பசை முழுசாகக் காய வாரக்கணக்காகும். அதற்குள் சமையலறையிலிருந்து வரும் இஞ்சியும் எள்ளெண்ணெயும் பூண்டும் அதன் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி உட்காரும். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டும் பாதிப் பாதியாக இருந்தன. பெரியவளுக்கு அந்த வாசனையில் அப்படியே மேசைமேல் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடலாம் போலிருந்தது.

அவளையும் தம்பியையும் அழைத்திருந்தவர் உணவகத்தின் முதலாளி. சரியாகச் சொன்னால், தம்பியைத்தான் அழைத்திருந்தார். சின்னவனுக்கு உணவகச் சமையலறைகளுக்கு அடுப்பும் குளிர் அறையும் புகைக் குழாயும் பொருத்தித் தரும் தொழில். இந்தச் சமையலறையும் அவன் கைவேலைதான். "ஓசிச் சாப்பாடுக்கா. நாலு நாட்டுச் சமையல் ஒரே எடத்துல. வராம இருந்துடாத" என்று போனில் சொல்லியிருந்தான்.

அவள் சாப்பாட்டுக்காக வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாளைக் கெஞ்சிக் கூத்தாடி அம்மாவுக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டு வந்தது ஒன்றைக் கேட்பதற்காக. பக்கவாதம் வந்த நாளிலிருந்து அம்மா அவள் வீட்டில்தான். புரட்டிப் படுக்கவைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் அவள். கணவருக்குக் கப்பல் வேலை, வருடத்தில் பாதி கடலில். ஒரு மூன்று மாதம் அம்மாவைச் சின்னவன் வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் கேள்வி.

இதற்கு முன்னும் கேட்டிருக்கிறாள். இந்த முறை கேட்டே ஆகவேண்டும் என்று ஆனது ஒரு பல்லால்.

பெரியவள் வேலை செய்வது பல் லேபில். பல் வைத்தியர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அதில் மாவு ஊற்றிப் பல்வரிசையின் நகல் எடுத்து, அதற்குப் பொருந்துகிற மாதிரி பல்மேல் மாட்டும் உறையை, 'கேப்'பை, செய்து கொடுப்பது இவள் வேலை. இதில் புதுசாகச் சேருகிறவர்கள் எல்லோரும் ஒரு தப்புச் செய்வார்கள். அந்த நகல் இவர்களைப் பார்த்தபடி மேசையில் இருக்கும். எதிரே நிற்கிற ஆளின் வலது கை நம் இடது பக்கம் இருப்பதுபோல, வாயின் வலது பக்கம் இவர்களுக்கு இடது பக்கம். அந்தத் திருப்பத்தை மறந்து, சீட்டில் எழுதியிருக்கிற பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கத்துப் பல்லைச் செய்துவிடுவார்கள். ஆரம்பத்தில் ஒரு தடவை செய்து, திட்டு வாங்கி, அதோடு சரியாகிவிடும். பெரியவள் அந்தத் தப்பைப் போன வாரம் செய்தாள். பளபளவென்று, மேடு பள்ளம் எல்லாம் ஒழுங்காக அமைந்த பல். எந்த வாய்க்கும் ஆகாத பல். லேப் முதலாளி அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, திட்டாமல் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் பரவாயில்லை. இரண்டு நாள் கழித்து அவளுக்கு வரவேண்டிய பல்செட் வேலை பக்கத்து மேசைக்குப் போயிருந்தது.

"என்னக்கா சாப்பிடற?" என்றான் சின்னவன்.

மெனு அட்டை ஒரு பள்ளிக்கூட வரைபடம் அளவுக்கு இருந்தது. எதையாவது தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே அவளுக்கு மலைப்பாக இருந்தது. "எதையாவது சொல்லுடா. நான் மெல்லறது மட்டும் செய்யறேன்."

கூட வந்திருந்த சின்னவன் மனைவி சிரித்தாள். அவள் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். பேச்சும் அப்படித்தான்; கண்ணாடியில் பின்னால் பார்க்காமல் எந்தப் பக்கமும் திரும்பாது. "அண்ணி, நீங்க இளைச்சுப் போயிட்டீங்க" என்று மட்டும் சொன்னாள்.

மேசையின் நடுவில் வட்டமான மரத் தட்டு ஒன்று இருந்தது. விரலால் தள்ளினால் சுழலும். இப்படிப்பட்ட இடங்களில் ஆளுக்கொரு தட்டு என்று கிடையாது. எல்லாம் நடுவில் வரும். சுழற்றிச் சுழற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்ட வரிசையிலும் வராது. எந்த அடுப்பில் எது முதலில் முடிகிறதோ அது வரும். அதனால் கடைசியில் குடிக்க நினைத்த சூப் முதலில் வந்தது. அதைத் தொடர்ந்து டோஃபு, அதன் பின் நிலக்கடலைச் சாறு ஊற்றிய நூடுல்ஸ். ஒவ்வொன்றுக்கும் பரிமாறுகிற இளைஞர் ஒருவர் கைகட்டி நின்று விளக்கம் சொன்னார். இது எந்த நாட்டு முறையில் பொரித்தது, எந்த நாட்டுச் சாறில் நனைத்தது என்று.

அவர் போனதும் சின்னவன் சொன்னான்: "நாலு நாட்டுக்காரன் ஒரே அடுப்புல சண்டை போட்டா இப்படித்தான் வரும்."

"சண்டை போட்டாலும் டோஃபு நல்லா இருக்கு" என்றாள் அவன் மனைவி.

பெரியவள் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தாள். "சின்னவா, அம்மா விஷயமா ஒண்ணு பேசணும்."

சின்னவன் மரத் தட்டைச் சுழற்றினான். "இது எப்படி ஓடுது தெரியுமாக்கா? அடியில ரெண்டு வளையம். நடுவுல குண்டு குண்டா இரும்பு. எவ்வளவு பாரம் வெச்சாலும் ஒரு விரல் போதும். பாரு."

நூடுல்ஸ் அவளைக் கடந்து போனது.

"ஒரு மூணு மாசம் நீ வெச்சுக்கணும்டா. எனக்கு வேலையே போயிடும்போல இருக்கு."

"பாத்துக்கலாம்க்கா. மொதல்ல சாப்பிடு, ஆறிடும்."

"போன தடவையும் இதையேதான் சொன்ன."

"பாத்துக்கலாம்னு சொல்றேன் இல்ல? நான் என்ன மாட்டேன்னா சொன்னேன்?" மறுபடியும் சுழற்றினான். இந்த முறை டோஃபு போனது.

அவன் சொன்னதில் பொய் இல்லை. மாட்டேன் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. அதுதான் கஷ்டம். மாட்டேன் என்கிற ஆளோடு சண்டையாவது போடலாம்.

அப்போது உணவகத்தின் முதலாளி சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வேகவேகமாக வந்தார். சிரித்த முகமாக இருக்கத்தான் பார்த்தார், நெற்றி ஒத்துழைக்கவில்லை. மேசைக்கருகில் குனிந்து, "சார், மன்னிச்சுக்கணும், ஆவி அடுப்பு நின்னுபோச்சு. கூடம் நிறைய ஆளு. எட்டு மேசைக்கு ஐட்டம் உள்ள மாட்டிக்கிட்டிருக்கு" என்றார்.

"விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றான் சின்னவன். சொல்லும்போதே எழுந்துவிட்டான். கைத்துண்டு நாற்காலியில் விழுவதற்குள் அவன் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான்.

மரத் தட்டு கொஞ்ச நேரம் தானாகச் சுழன்று நின்றது.

"கேட்டியாம்மா?" என்றாள் பெரியவள்.

"எதை அண்ணி?"

"பாத்துக்கறேன்னான்."

இரண்டு சொல்லும் காதுக்கு அக்கா தங்கை மாதிரி இருக்கும். பாத்துக்கலாம், பாத்துக்கறேன். வேர் ஒன்றுதான். ஆனால் 'றேன்' என்று முடிகிற சொல்லின் வாலில் 'நான்' உட்கார்ந்திருக்கிறது. செய்யப்போவது யார் என்று தனியாகக் கேட்கவே வேண்டாம். 'லாம்' என்று முடிகிற சொல்லைத் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் ஓர் ஆள் விழமாட்டான். நான் பார்த்துக்கொள்ளலாம், நீ பார்த்துக்கொள்ளலாம், யாரோ பார்த்துக்கொள்ளலாம். இத்தனை நாளும் அந்த ஆளில்லாத சொல்லை நம்பித்தான் அவள் ஒவ்வொரு முறையும் போனை வைத்திருக்கிறாள்.

இதை அவள் தம்பி மனைவியிடம் இப்படி நீட்டிச் சொல்லவில்லை. "அடுப்புக்கு 'றேன்', அம்மாவுக்கு 'லாம்'" என்றாள். சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூட உடம்பில் தெம்பு இல்லாததால் பாதியிலேயே நின்றுவிட்டது.

தம்பி மனைவி சிரிக்கவில்லை. தேநீரை ஊற்றிப் பெரியவள் பக்கம் நகர்த்தினாள். "நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லு."

"நீங்க இவ்வளவு நாளா அவர்கிட்டதான் கேக்கறீங்க. அவர் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாலும், பாக்கப்போறது யாரு? நான். என்னை யாரும் கேக்கலியே அண்ணி."

பெரியவள் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அது உண்மைதான். அவள் மீதே ஒரு வீடு நிறைய வேலை வந்து விழுந்தபோதும் யாரும் கேட்கவில்லை. அதே மாதிரி இன்னொருத்தி மீது தூக்கிப்போடத்தான் அவளும் வந்திருக்கிறாள்.

"இப்ப கேக்கறேன்" என்றாள்.

"எனக்கு அத்தை வர்றதுல ஒண்ணும் இல்ல. ஆனா காலையில இருட்டோட நான் பஸ் எடுக்கப் போயிடுவேன். காலைச் சாப்பாடு அவர்தான் குடுக்கணும். அதை அவர் ஒத்துக்கட்டும். அத்தை தாராளமா வரட்டும். ஒத்துக்கலைன்னா நான் கதவைத் திறக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

சின்னவன் திரும்பி வந்தபோது சட்டைக் கை முழங்கை வரை ஈரம். முகத்தில் ஜெயித்த களை. உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டான்.

"ஒண்ணுமே இல்லக்கா. அடுப்புக்குள்ள ரெண்டு கம்பி இருக்கும். தண்ணி ரெண்டையும் தொட்டா அதுவழியா கரண்ட் போகும். சரி, தண்ணி இருக்குன்னு மெஷினுக்குத் தெரியும். தொடலைன்னா தானா அணைஞ்சிடும், இல்லாட்டி அடி கருகிடும் பாரு. தண்ணி ஏன் வரலைன்னா, புதுக் கட்டடம், புதுக் குழாய், உள்ள இருந்த மணலும் டேப்புத் துண்டும் வந்து வலையில அடைச்சுக்கிச்சு. வலையைக் கழட்டி ஒரு உதறு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றாள் பெரியவள். "அப்ப அம்மாவுக்கு ஒரு தண்ணிக்கம்பி வெச்சிருந்தா நீ ஓடி வந்திருப்ப."

"என்னக்கா இது..."

"நான் கிண்டல் பண்ணலைடா. எனக்குத் தெம்பு இல்ல. நேரா கேக்கறேன். உன் பொண்டாட்டி சரின்னுட்டா. காலைச் சாப்பாடு நீ குடுக்கணும்னு சொல்றா. நீ குடுப்பியா, மாட்டியா? லாம் போடாம சொல்லு."

சின்னவன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைக் காப்பாற்றுகிற மாதிரி எதுவும் செய்யவில்லை. அவன் கை மரத் தட்டைத் தேடியது. பெரியவள் அதன் விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தட்டு நகரவில்லை.

"பயமா இருக்குக்கா" என்றான் கடைசியில். குரல் இறங்கிவிட்டது. "தீபாவளி, பொங்கல்னு வந்து பாத்துட்டுப் போறது வேற. போன பொங்கலுக்கு வந்தப்ப, நீ சமையக்கட்டுல இருந்த, நான் அம்மாவுக்குத் தண்ணி குடுத்தேன். பச்சத் தண்ணிதான். அதுக்கே இருமி இருமி மூஞ்சி நீலமாயிடுச்சு. என் கையாலயே ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

அவளுக்கு அது தெரியாது. அன்று அவன் அவசர வேலை என்று கிளம்பிப் போனதுதான் நினைவிருந்தது. கோபப்பட வேண்டிய இடம்தான். ஆனால் கோபத்துக்கும் கொஞ்சம் பலம் வேண்டும். அதைவிட, இது அவளால் சொல்லித்தர முடிகிற விஷயமாக இருந்தது.

"தண்ணிதாண்டா கஷ்டம். உனக்கு யாரும் சொல்லலையா?"

அவள் தன் தொண்டையில் விரலை வைத்துக் காட்டினாள். நாம் விழுங்கும்போது இந்தக் குமிழ் மேலே ஏறும். ஏறும்போது மூச்சுக் குழாயின் வாயை ஒரு சின்ன மூடி வந்து மூடிக்கொள்ளும். சாப்பாடு பக்கத்துக் குழாயில் இறங்கிவிடும். அம்மாவுக்கு அந்த மூடி கெட்டுப்போகவில்லை. கொஞ்சம் தாமதமாக மூடுகிறது. தண்ணீர் அதைவிட வேகமாக ஓடிவிடுகிறது. கெட்டியாக, வழுவழுப்பாக இருக்கிறது எதுவானாலும் மெதுவாக நகரும். மூடிக்கு நேரம் கிடைக்கும். அதனால்தான் தண்ணீரில்கூடக் கெட்டியாக்கும் மாவு கலந்து கொடுப்பது.

சின்னவன் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். "அப்ப வால்வு நல்லா இருக்கு. டைமிங்தான் லேட்டு."

"அதேதான்."

"இதை மொதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாமேக்கா."

"நீ மொதல்லயே கேட்டிருக்கலாமேடா."

ஆவி அடுப்பில் மாட்டிக்கொண்டிருந்தவை ஒவ்வொன்றாகக் கூடத்துக்கு வர ஆரம்பித்தன. இவர்கள் மேசைக்கு வந்தது மூடி போட்ட சிறு கிண்ணத்தில் முட்டைக் கஸ்டர்ட். மூடியைத் திறந்தால் ஆடாமல் அசையாமல் மஞ்சளாக, மேலே மெல்லிய சாறு. இளைஞர் கையைக் கட்டிக்கொண்டு, "மேடம், இது வந்து ரெண்டு நாட்டு..." என்று தொடங்கினார்.

"ஒரு நிமிஷம் இருங்க தம்பி" என்றாள் சின்னவன் மனைவி. பேருந்துக்குக் குறுக்கே வண்டி வந்தால் கை காட்டுகிற மாதிரி காட்டினாள். அவர் அப்படியே நின்றுவிட்டார்.

பெரியவள் சின்ன ஸ்பூனைத் தம்பி கையில் கொடுத்தாள். "நான்தான் அம்மா. ஊட்டு."

"இங்கயா? எல்லாரும் பாக்கறாங்கக்கா."

"பாக்கட்டும். மேல இருக்கற சாறை ஒதுக்கிடு, அது தண்ணி. பாதி ஸ்பூன்தான். ஊது, சூடா இருக்கு. நீ நின்னுக்கிட்டு ஊட்டினா நான் அண்ணாந்து பாப்பேன், மூச்சுக் குழாய் திறந்துக்கும். உக்காந்து, என் கண்ணுக்குக் கீழ இருந்து கொண்டுவா. நான் தலையைக் குனியணும்."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தான். சாறை ஒதுக்கினான். ஊதினான். கீழிருந்து ஸ்பூன் வந்தது. எதுவும் சிந்தவில்லை.

பெரியவள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். வெதுவெதுப்பாக, உப்பும் இஞ்சியுமாக நாக்கில் கரைந்தது. யாரோ ஊட்டி அவள் சாப்பிட்டு எத்தனை காலமாயிற்று என்று யோசிக்கப் போனாள். அதற்கும் அலுப்பாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த ஸ்பூன் உதட்டில் வந்து இடித்தது. கண்ணைத் திறக்காமலே ஒரு விரலைத் தூக்கினாள்.

"அவசரப்படாத. தொண்டை ஏறி இறங்கறதைப் பாரு. இறங்கினப்புறம்தான் அடுத்தது. அம்மாவுக்கு இதுக்கு மேலயும் நேரம் ஆகும்."

"சரி." ஸ்பூன் பின்வாங்கியது. "சனிக்கிழமை வேன் எடுத்துட்டு வரேன். கட்டிலையும் கொண்டுவரணும் இல்ல?"

"கட்டிலும், சக்கர நாற்காலியும்."

"வரேன்."

அவன் மனைவி போனை எடுத்துச் சனிக்கிழமைக்குக் குறித்துக்கொண்டாள். இளைஞர் இன்னும் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். பக்கத்து மேசையில் ஒரு குழந்தை இவர்களையே வாய் பார்த்தது.

சின்னவன் வேறு எங்கும் பார்க்கவில்லை. அடுப்பின் உள்ளே எட்டிப் பார்க்கிற அதே முகத்தோடு அக்காவின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். குமிழ் ஏறியது. நின்றது. இறங்கியது.

"இப்ப?" என்றான்.

அவள் வாயைத் திறந்தாள்.