ஏற்றிவிடுகிற வேலை

...அப்படிப் பார்த்தால் யாரைக் குறை சொல்வது, பழுதான மரபணு புருஷனிடமிருந்து ஒன்று, தன்னிடமிருந்து ஒன்று என்றுதானே டாக்டரம்மா சொன்னாள். சிலிபின் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்தி, மணியடிக்கக் காத்திருந்த புஷ்பலதா பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள், மகள் ஷர்மினி தூங்குகிறாள், நாலு வயசாகியும் நடை வராத கால் இரண்டும் துவண்டு கிடக்கின்றன, காது வேறு மந்தம்... உடம்புக்குள் ஒரு நொதி இருக்கிறதாம், அமினோ அமிலத்தை அதற்கென்று உள்ள ஆர்.என்.ஏ. மேல் ஏற்றிவிடுவதுதான் அதன் வேலையாம், அப்போதுதான் புரதம் சேருமாம், பிள்ளைக்கு அது சரியா ஏத்தலை, அவ்வளவுதான் என்றாள். அவ்வளவுதானாம். தினமும் ஊரார் பிள்ளைகளை ஏற்றி அவரவர் வாசலில் இறக்குகிறாள், ஒரு நாள் ஒரு பிள்ளை மாறியதுண்டா, அவள் பெற்றதுக்குள்ளேயா இந்தக் கோளாறு? நீங்க ரெண்டு பேரும் சொந்தமா என்று முன்பு கேட்டபோது என்ன பெருமை அவளுக்கு, அவரு என் சொந்தத் தாய்மாமன் மகன்தான், டாக்டர், ரப்பர் தோட்டத்துல இருந்த காலத்துலேருந்து எங்க ரெண்டு குடும்பத்துக்குள்ளதான் பொண்ணு குடுத்து எடுப்போம்... டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தது ஏனென்று அப்போது விளங்கவில்லை, இன்று காலை ரத்தப் பரிசோதனை முடிவைச் சொன்னபோதுதான் விளங்கியது.

விளங்கி என்ன செய்ய, ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி நவமணிக்குப் பரிசம், மாப்பிள்ளை யார், இவள் புருஷன் தனேஸ்வரனின் கூடப்பிறந்த தம்பி தேவன்... அவளைத் தன் வீட்டுக்கே கொண்டுவர ஒற்றைக் காலில் நின்றது யார், இவளேதான். அவங்க ரெண்டு பேருக்குள்ளயும் இந்தப் பழுது இருக்கலாம், கல்யாணத்துக்கு முன்னாடி ரத்தம் பாக்கச் சொல்லுங்க என்றாள் டாக்டரம்மா. சொன்னால் மாமியார் விடுவாளா, எங்க வம்சத்துல சீக்கா, தங்கச்சி வாழ்க்கையைக் கெடுக்கப் பாக்குறியா என்று குதிக்கமாட்டாளா... தனேஸ்வரனோ, பரிசம் முடியட்டும்லா என்றுவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

போன் அடித்தது, நவமணி. "அக்கா, புடவைக் கடையில நிக்கிறேன், பச்சை எடுக்கவா, அரக்கு எடுக்கவா?" சொல்லிவிடு, இப்பவே சொல்லிவிடு... "நவமணி, ஒரு விஷயம்..." "ஷர்மினி பத்தியாக்கா? கவலைப்படாத லா, நான் அங்க வந்துட்டா அவளை நான் தூக்கிக்கிறேன்." வாய்வரை வந்தது உள்ளே போய்விட்டது, பச்சையே எடு என்று சொன்னது தன் குரல்தானா? போனை வைத்துவிட்டாள், மணியடித்துவிட்டது, பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். மாமியாருக்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டோம் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாளே, மாமியார் நினைப்பே இப்போது வரவில்லையே... ஷர்மினியைத் தூக்க இன்னும் இரண்டு கை, அது வேண்டியிருக்கிறது தனக்கு, அதற்காகவா தங்கச்சியிடம் சொல்லாமல் விட்டாள்...