ரெண்டு தட்டு

மகள் குழாயைப் பிடுங்கியதும் ஆக்சிஜன் மெஷின் கத்தியது. மாட்டியதும் நின்றது. அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த கையோடு அதன் முன்னால் உட்கார்ந்தவள். இன்றைக்குமா இது என்று அத்தை சொல்லிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த மெஷினைச் செய்யும் கம்பெனியில், அதற்குள் ஓடும் புரோகிராமை எழுதுவதுதான் மகளுக்கு வேலை. அப்பாவுக்கு அவள்தான் வாங்கி வைத்தாள். நேற்று விடிகாலையில் குழாய் கழன்று அப்பா போய்விட்டார். பக்கத்துக் கட்டிலில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒன்றையே சொன்னாள்.

"அது கத்தியிருக்கும். நான் கட்டையாட்டம் தூங்கியிருக்கேன்."

மகள் லேப்டாப்பைத் திறந்து, புரோகிராமில் சத்தம் எழுப்பும் வரியிலிருந்து பின்னோக்கிப் போனாள். எழுப்புவது எது, தடுப்பது எது, தடையை நீக்குவது எது. மணிப் படம் போட்ட பட்டனை அமுக்கினால் சத்தம் அடங்கும்; சற்று நேரத்தில் தானே திரும்ப வரவேண்டும். ஆனால் அடங்கியிருக்கும்போதே இன்னொரு தரம் அமுக்கினால், நேரத்தை எண்ணும் வரி நின்றுபோகிறது. பிறகு, அணைத்துத் திரும்பப் போடும்வரை மெஷின் கத்தாது. இரண்டு தரம் அமுக்கிப் பார்த்தாள். குழாயைக் கழற்றி வெகுநேரம் காத்திருந்தாள். கத்தவில்லை. அணைத்துத் திரும்பப் போட்டு, குழாயை மாட்டினாள்.

ஆபீசில் சோதித்தவர்களில் ஒருவருக்கும் இரண்டு தரம் அமுக்கத் தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும்?

போன மாதம் அப்பா போனில் பேசினார். "உன் மெஷினும் உன்ன மாதிரிதான்டி. ரெண்டு தட்டு தட்டினாத்தான் வாய மூடுது. உங்கம்மா பாவம், இப்பத்தான் நல்லாத் தூங்குறா."

அவள் சிரித்தாள். மாத்திரை போட்டீர்களா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

இப்போது அம்மா தன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, அது கத்தவேயில்ல."

"என்னடி சொல்ற?"

"மெஷின்லதான் கோளாறு. கத்தியிருந்தாத்தானே உனக்குக் கேக்கும்."

"நெசமாவா?"

"நெசமாம்மா."

அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். என்ன கோளாறு என்று கேட்கவில்லை. அப்படியே சரிந்து படுத்தாள். நேற்றிலிருந்து மூடாத கண் உடனே மூடிக்கொண்டது.

மெஷின் வைத்திருந்த மேசையின் விளிம்பில் தொங்கிய குழாய் தன் பாரத்திலேயே நழுவிக் கழன்றது. மெஷின் கத்தியது. மகள் எட்டிப் பட்டனை அமுக்கினாள். அம்மா புரண்டு படுத்தாள்.

விரலை எடுக்காமல் நின்றவள், இன்னொரு தரம் அமுக்கினாள்.