கற்பூரம் அணைத்துக் கொடுத்த ஓட்டு

அன்று சாயங்காலம் என் வீட்டில் இருந்தவர்களின் பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், முருகையன். என் மகள் தேவானை. அவள் மகள் கயல். எங்கள் வட்டத்தின் கட்சிச் செயலாளர் சித்தார்த்தன், அவர் மனைவி ஜோதிலட்சுமி. இவ்வளவுதான். பட்டினப்பாக்கத்தில் பாதிப் பேர் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த அறையில் இன்னொரு ஆள் கால் நீட்டக்கூட இடம் கிடையாது.

மாநகராட்சித் தேர்தலுக்குப் போட்ட மனுவை வாபஸ் வாங்க மறுநாள் மூன்று மணி வரைதான் நேரம். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதனால் சித்தார்த்தன் தன் மனைவியை நிறுத்தியிருந்தார். என் பேத்தி யாரிடமும் கேட்காமல் சுயேச்சையாக மனுப் போட்டிருந்தாள். வயது இருபத்துமூன்று. பெருங்குடியில் ஒரு கம்பெனியில் நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவள்.

இதில் என் கை எங்கே சிக்கியது என்று சொல்ல வேண்டும். எங்கள் குப்பத்தில் தேர்தல் வந்தால் பெரியவர்கள் கூடிப் பேசி ஒருவரைத் தீர்மானிப்போம். பிறகு அம்மன் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றுவோம். ஒவ்வொரு வீட்டுப் பெரியவரும், தன் வீட்டு ஓட்டு முழுக்க அவருக்கே என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைக்க வேண்டும். அணைத்த பிறகு பேச்சு மாறக் கூடாது. மாறினவன் வாசலுக்கு ஆடித் திருவிழாவில் அம்மன் கரகம் வராது. முதல் கரகம் என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் வாசலுக்குத்தான் வருகிறது. கயல் மனுப் போடுவதற்கு முன்பே நான் ஜோதிலட்சுமிக்காகக் கற்பூரம் அணைத்திருந்தேன்.

"பெரிப்பா, நான் மிரட்ட வர்ல," என்றார் சித்தார்த்தன். இருந்த ஒரே நாற்காலியில் அவர் இருந்தார். அவர் மனைவி தரையில் தேவானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "நீ கை வெச்சு அணைச்ச. உன் வூட்லயே எதிர் மனு கீது. ஊரே சிரிக்குது. பாப்பாவ வாபஸ் வாங்கச் சொல்லு, அவ்ளோதான்."

"பாப்பா இங்கதான் குந்திக்கினு கீது. பாப்பாகிட்டயே சொல்லுங்க," என்றாள் கயல்.

"வாயக் கொறடி," என்றாள் தேவானை.

"வார்டப் பத்தி உனுக்கு இன்னாம்மா தெரியும்?"

"மழ பேஞ்சா எந்தச் சந்துல முட்டி வரிக்கும் தண்ணி நிக்கும்னு தெரியும். நீங்க ஓட்டு கேக்க வர்ற சந்து மட்டும் காஞ்சி கீது, அதான் உங்களுக்குத் தெரியல."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "தாத்தா, அன்னிக்கு என் ஓட்டயும் சேத்தா அணைச்ச?"

"வூட்டு ஓட்டுன்னா வூட்ல கீற எல்லாரும்தான்."

"என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்கற வழக்கம் இல்ல."

"அதான். இந்தக் குப்பத்துப் பசங்க ஒருத்தனும் ஓட்டு போட வர்றதில்லன்னு நீங்களே பொலம்புறீங்க. எதுக்கு வருவான்? நீங்க கோயில்லயே போட்டு முடிச்சுட்டீங்களே."

வெளி ஆள் முன்னால் அவள் அப்படிப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை.

சித்தார்த்தன் சிரித்தார். "பசங்களா? பிரியாணின்னா ஊர்வலத்துக்கு வருவானுங்க. ஓட்டுக்கு எழுப்பவே முடியாது நைனா."

"சரி, பசங்கள வுடுங்க. அக்கா, நீங்க சொல்லுங்க. உங்கள யாராச்சும் கேட்டாங்களா?"

ஜோதிலட்சுமி கணவரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள்: "போட்டோ புடிக்கணும், பட்டுப் பொடவ கட்டுன்னாரு. அப்பதான் எனுக்கே தெரியும்."

தேவானை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சித்தார்த்தன் எழுந்து, காலையில் பதில் வேண்டும் என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போன பிறகு கயல் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கரகம் வரலன்னா உனுக்கு அசிங்கம்தான, தாத்தா? நான் வாபஸ் வாங்கிக்கறேன் வுடு," என்றாள்.

மனதாரத்தான் சொன்னாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. கட்சிக்காரன் அதட்டலுக்குப் பயந்து வாபஸ் வாங்கினால் அவளை நான் திட்டியிருப்பேன். எனக்காக இரக்கப்பட்டு வாங்குவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? நான் இந்தக் குப்பத்தில் யாரிடமும் தலை குனிந்து நின்றவனில்லை.

"எனுக்கு நீ பிச்ச போடாத," என்றேன். "போட்டது போட்டதா இருக்கட்டும்."

காலையில் கோயிலுக்குப் போனேன். பெரியவர்கள் வந்திருந்தார்கள். மூன்று ஓட்டுக்கு நான் கை வைத்தேன், அதில் இரண்டு என்னுடையதில்லை, மகளுடையதும் பேத்தியுடையதும், அந்த இரண்டையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், என் ஓட்டு சொன்னபடி ஜோதிலட்சுமிக்கே என்றேன்.

"பாதி மாறுனாலும் மாறுனதுதான், முருகா," என்றார் ஒருவர். சின்ன வயதிலிருந்து என்னோடு வலை இழுத்தவர். "கரகம்?"

"வேற வாசலுக்கு அனுப்பு."

யாரும் மறுத்துப் பேசவில்லை. ஒருவராவது பேசுவார் என்று எதிர்பார்த்தேன். சித்தார்த்தனுக்கு ஆள் அனுப்பி விஷயத்தைச் சொன்னேன். மூன்று மணிக்குக் கயல் பெயர் அப்படியே நின்றது.

அவளுக்கு இஸ்திரிப் பெட்டிச் சின்னம் கிடைத்தது. அலுவலகம் விட்டு வந்து, அலுத்த முகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். பெரியவர்களிடம் கேட்கவில்லை, அவர்கள் கற்பூரம் அணைத்துவிட்டார்கள். பிள்ளைகளிடம்தான் கேட்டாள். "மச்சி, கயலுக்குக் குத்துனா சட்டைக்கு இஸ்திரி ஃப்ரீயாம்டா," என்று கிண்டல் செய்துகொண்டே எல்லோரும் வருகிறேன் என்றார்கள். ஜோதிலட்சுமியும் ஜீப்பில் கும்பிட்டபடி எங்கள் சந்து வழியாகப் போனாள். சித்தார்த்தன் மைக்கில் பேசினார்.

ஓட்டுப் பதிவு அன்று காலையில் கயல் சந்து சந்தாகப் போய்க் கதவைத் தட்டினாள். "லீவே ஒரு நாளு கயலு, தூங்கிக்கினு கீறோம்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. சிலர் மணலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். சிலர் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குப் பைக்கில் கிளம்பியிருந்தார்கள். கொஞ்சம் பேர் வந்தார்கள். முதல் தடவையாக மை வைத்த விரலைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கொஞ்சம் பேர் போதவில்லை. கயல் தோற்றாள், கிட்டத்தில்கூட வரவில்லை. ஜோதிலட்சுமி ஜெயித்தாள். சித்தார்த்தனைத்தான் கவுன்சிலர் என்று கூப்பிடுகிறார்கள்.

ஆடியில் கரகத்துக்கு அடிக்கும் பம்பைச் சத்தம் எங்கள் சந்து முனை வரை வந்து திரும்பிப் போயிற்று. நான் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். உள்ளே போய் ஒளிந்துகொள்ள எனக்கு அவசியமில்லை. கயல் வந்து என் பக்கத்தில் நின்றாள். அடுத்த தேர்தலுக்குள் சந்துப் பையன்களை வாரம் ஒரு தடவையாவது உட்கார வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்கவே அசதியாக இருந்தது.

இப்போது ஒரு பேச்சு நடக்கிறது. முருகையன் கோயிலில் ஒன்று சொன்னான், பூத்துக்குள்ளே போய்ப் பேத்திக்குத்தான் அமுக்கினான், ரத்தம் விடுமா என்று. நல்ல மனதோடு சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது பொய். நான் ஜோதிலட்சுமிக்குத்தான் போட்டேன்.