நோயில்லாத நாற்பது பேர்

நல்ல உடம்புக்காரர்களின் கல்லீரல் எவ்வளவு நீளம் இருக்கும் என்று அளந்து எழுத, 1984-இல் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஈப்போவிலிருந்து ஒரு டாக்டர் ஸ்கேன் மெஷினோடு வந்தார். நோயில்லாத, குடிக்காத நாற்பது பேர் வேண்டுமாம். என் புருஷனையும் சேர்க்கச் சொன்னது நான்தான். அவர் சம்சுச் சாராயத்தைத் தொடவே மாட்டார் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் தோமஸிடம் சாமிமேல் சத்தியம் செய்தேன். அத்தனையும் பச்சைப் பொய்.

காரணம் இருந்தது. அந்த மனுஷனுக்குப் பயம் என்றால் சாவு ஒன்றுதான். குடித்தால் ஈரல் வீங்கும் என்பார்கள். வீங்கிவிட்டது என்று டாக்டரே சொன்னால் பயந்து நிறுத்துவான். குடி நின்றால் அடியும் நிற்கும்.

மூச்சை அடக்கிக்கொண்டு கட்டிலில் படுத்தான். பசையைத் தடவி, விலாவுக்குக் கீழே கருவியை அழுத்தி டாக்டர் அளந்தார். பதினொன்றரை சென்டிமீட்டர், நார்மல் என்றார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டது.

அன்று சாயங்காலம் இரண்டு போத்தல் குடித்துவிட்டு வந்தான். விறகுக் கட்டையால் முதுகில் போட்டான். விழுந்தேன். மயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். பல் ஒன்று போனது. பிறகு வலது விலாவில் பூட்ஸ் காலால் உதைத்தான், திரும்பத் திரும்ப உதைத்தான்.

“டாக்டரே சொல்லிட்டாருலா, எனக்கு ஒன்னும் இல்லயாம். இனிமே வாயத் தொறப்பியா?”

பக்கத்து வீட்டுச் செல்லம் கதவை இடித்துக் கத்திய பிறகுதான் விட்டான். பாவி.

மறுநாள் பெண்களுக்கு அளந்தார்கள். என் பெயரும் இருந்தது. செல்லத்தின் தோளில் தொங்கிக்கொண்டு போனேன். அளந்துகொள்வதற்காகப் போகவில்லை. நடந்ததைச் சொல்லி, அவனுக்கு ஈரல் வீங்கிவிட்டதாக எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். பொய் எழுத முடியாது என்றார் டாக்டர். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் கருவியை என் விலாவில் வைத்ததும் அலறிவிட்டேன். திரையைப் பார்த்தவர் முகம் மாறியது. வயிற்றுக்குள் ரத்தம் என்றார்.

அவருடைய வேனிலேயே ஏற்றினார்கள். தாப்பா மலை இறக்கத்தில் வளைவுக்கு வளைவு உயிர் போய்ப் போய் வந்தது. ஈப்போவில் வயிற்றைக் கிழித்துத் தைத்தார்கள்.

பத்தாம் நாள் டாக்டர் பார்க்க வந்தார். எங்கள் இரண்டு பேர் பெயரையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டாராம். தோட்டத்து மேனேஜர் இதைக் குடும்ப விஷயம் என்று சொல்லிவிட்டாராம்.

“பேர அடிச்சா போதுமா டாக்டர்? அன்னிக்குப் பொய் எழுத மாட்டேன்னீங்க. இப்ப நெசத்த எழுதுங்க. நான் போலீசுல குடுக்கணும்.”

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதினார். ஈரலில் கிழிசல், நான்கு சென்டிமீட்டர். உதைத்தவன் பெயரை நானே சொல்ல வேண்டும் என்றார்.

தாலி ஏறிய நாளிலிருந்து அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை.

“முருகையா” என்றேன். அவர் சரியாக எழுத வேண்டுமே என்று இன்னொரு தரமும் சொன்னேன்.