நாற்பத்து நான்காவது மார்லின்

டாக்டர் வலதாரிஷ் மீன் பிடிக்க வந்தாரா, சட்டையைக் காட்ட வந்தாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆள் லிஸ்பனில் வக்கீல். எங்கள் நாட்டில் பட்டம் வாங்கியவரெல்லாம் டாக்டர்தான். சட்டையின் மார்பில் ஒரு தூண்டில் கம்பெனியின் பேர், முதுகில் ஒரு பியர் கம்பெனியின் பேர். காலை ஏழு மணிக்கு எங்கள் தீவின் ஓர்டா துறைமுகத்தில் படகில் ஏறியதும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கேமராவுல முதுகும் தெரியும்ல?"

படகு என் அண்ணன் ஒலிம்பியுவுடையது. அவன் ஓட்டுவான், நான் படம் எடுப்பேன். மூன்று மீட்டர் கழியின் நுனியில் கேமரா, கைப்பிடியில் உள்ளங்கை அளவு திரை. மீன் படகருகே வந்ததும் கழியைத் தண்ணீருக்குள் இறக்குவேன். ஈட்டி மூக்கு, கண், விலாவின் நீல வரிகள் எல்லாம் கடலுக்குள்ளிருந்தே படத்தில் விழும். தூண்டில் முள்ளைக் கழற்றி விட்டதும் மீன் கிளம்பும். கிளம்பிய அந்த நொடியில் அண்ணன் "தூக்கு!" என்பான். நானும் கேமராவை மேலே எடுத்து, பிடித்தவர் கையசைத்துச் சிரிப்பதை எடுப்பேன். "காசு குடுக்கறவன் கடைசியா பாக்கறது அவன் மூஞ்சியா இருக்கணும்" என்று முதல் வருடமே சொல்லித் தந்தான். இங்கே எல்லாப் படகிலும் இதுதான் வழக்கம். அதனால் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

கரைக்கு வந்ததும் மீன்பிடிச் சங்கத்தில் ஒரு காகிதம் கொடுக்க வேண்டும். மீன் உயிரோடு விடப்பட்டது என்று படகோட்டியின் கையெழுத்து, நேரில் பார்த்தவரின் கையெழுத்து. நேரில் பார்த்தவள் நான். நான்கு வருடத்தில் நாற்பத்து மூன்று காகிதங்களில் போட்டிருக்கிறேன். ஒலிம்பியு படகில் ஒரு மார்லின் மீன்கூடச் செத்ததில்லை என்று தீவு முழுக்கப் பேச்சு. அந்தப் பேரை நம்பித்தான் ஆட்கள் வந்தார்கள். அவன் பிழைப்பே அந்தப் பேர்தான், அதற்குச் சாட்சி நான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொட்டிக் கடை வரிசையில் நிற்கும்போதுகூட அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வேன்.

அன்று பத்தரை மணிக்குக் கடலுக்கடியில் இருக்கும் தெற்கு மேட்டுக்கு மேலே மீன் கடித்தது. பெண் மீன். பெரிய மார்லின்கள் எல்லாமே பெண்கள்தான். முந்நூறு கிலோ இருக்கும். தெறித்து எழும்பியபோது பார்த்தேன், அவ்வளவு நீலம்.

அந்தப் பாவி மீனுக்கு மாட்டியது தங்கூசி என்கிற மெல்லிய தூண்டில் நரம்பு. டாக்டர்தான் கேட்டு வாங்கிப் போட்டது. தடித்த நரம்பில் யார் வேண்டுமானாலும் பிடிப்பார்களாம், மெலிசில் பிடிப்பதுதான் ஆண்பிள்ளைத்தனமாம். தடித்த நரம்பென்றால் நாற்பது நிமிடத்தில் அவளை அருகில் கொண்டுவந்து விட்டிருக்கலாம். மெல்லியதை இழுத்தால் அறுந்துவிடும், ஆகவே இழுக்காமல் சும்மா பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். மீன்தான் ஓடி ஓடிச் சாக வேண்டும்.

நாலேகால் மணி நேரம் ஓடினாள். டாக்டர் நாற்காலியில் பட்டையோடு கட்டுண்டு உட்கார்ந்திருந்தார். மூக்கில் வெள்ளைக் களிம்பு. நடுவில் பசிக்கிறது என்றார். நான் சுருள் சாசேஜ் வைத்த ரொட்டியை அவர் வாயில் ஊட்டினேன். ஆமாம், ஊட்டினேன். எண்ணெய் அவர் தாடையில் வழிந்தது, அதையும் துடைத்துவிட்டேன்.

"அண்ணே, போதும். நரம்ப வெட்டி விட்ரு" என்றேன்.

"நீ கழியப் பிடி. புத்தி சொல்ல நான் ஆள் வெக்கல."

இரண்டே முக்கால் மணிக்கு அவள் படகருகே வந்தாள். வந்தாள் என்று சொல்லக் கூடாது, மிதந்தாள். கேமராவை இறக்கிப் பார்த்தேன். நீலம் போய்விட்டிருந்தது. தேய்க்காத ஈயப் பாத்திரம் மாதிரி ஒரு நிறம். வாய் திறந்தபடி. செவுள் அசைகிறதா என்று பார்த்தேன். அசைந்தது, ஓர் அசைவுக்கும் அடுத்ததற்கும் நடுவே நான் மூச்சுவிட்டு முடித்துவிடலாம்.

அண்ணன் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இஞ்சினை மெதுவாக ஓடவிட்டான். வாய் வழியே தண்ணீர் போனால் மீன் தெளியும். அது சரியான முறைதான். ஆனால் டாக்டருக்கு மீன் தெளிவது முக்கியமில்லை.

"நில்லுங்க, நில்லுங்க. வெயில் மேகத்துக்குள்ள போயிருச்சு. திரும்ப எடுப்போம்."

இஞ்சின் நின்றது. மேகம் விலகக் காத்திருந்தோம். அவர் குனிந்து அவள் மூக்கை இரண்டு கையாலும் பிடித்துச் சிரித்தார். நான் எடுத்தேன். பிறகு முதுகு தெரியவில்லை என்று திரும்பி உட்கார்ந்தார். அதையும் எடுத்தேன். மூன்றாவது முறை மீதி ரொட்டியைக் கடித்துக்கொண்டே மூக்கைப் பிடித்தார். துணுக்கு ஒன்று உதிர்ந்து அவள் கண்ணில் விழுந்து ஒட்டிக்கொண்டது. கோப்பை அளவு கண். அவளால் அதைத் தட்டிவிட முடியாது. டாக்டர் ஏப்பம் விட்டார்.

"சிரிச்ச மாதிரி விழுந்திருக்கா?" என்று கேட்டார்.

"நீங்களா, மீனா?" என்றேன்.

"வாய் கொஞ்சம் நீளம் உங்க தங்கச்சிக்கு" என்று அண்ணனிடம் சிரித்தார். அண்ணனும் சேர்ந்து சிரித்தான்.

ஒருவழியாக முள்ளைக் கழற்றினான். இஞ்சினைக் கொஞ்சம் முன்னே செலுத்தி அவளை விட்டான். படகின் அலையில் வால் இப்படியும் அப்படியும் ஆடியது. பார்ப்பவர்களுக்கு நீந்துகிற மாதிரியே இருக்கும்.

"தூக்கு!" என்றான் அண்ணன்.

நான் தூக்கவில்லை. ஏன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. அந்த ரொட்டித் துணுக்கு தண்ணீரில் கழுவிப் போயிற்றா என்று பார்க்கத் தோன்றியது, அவ்வளவுதான். மண்டியிட்டு, தோள் வரை தண்ணீரில் விட்டு, கழியை எட்டுமட்டும் கீழே தாழ்த்தினேன்.

நான்கு நொடி வால் ஆடியது. அலை ஓய்ந்ததும் வாலும் ஓய்ந்தது. அவள் பக்கவாட்டில் சாய்ந்தாள். வெள்ளை வயிறு மேலே வந்தது. பிறகு மூக்கு கீழாக, மெதுவாகச் சுழன்று சுழன்று, நனைந்த மெத்தையைக் கிணற்றில் போட்டது போல இறங்கினாள். கீழே நீலச்சுறா இரண்டு காத்திருந்தன. எங்கள் கடலில் அவற்றுக்கா பஞ்சம். அவசரப்படவே இல்லை. பழக்கமான வீட்டில் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நிதானமாக வந்து வயிற்றில் வாய் வைத்தன.

"தூக்குடி நெலிடா! தூக்குன்னு சொல்றேன்ல!"

அது கோபக் குரல் இல்லை. பயந்த குரல். சின்ன வயதிலிருந்து கேட்கிற குரல், எனக்கு வித்தியாசம் தெரியாதா? அந்தக் குரலைக் கேட்டதும் எல்லாம் விளங்கிவிட்டது. கீழே என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். நான்கு வருடமாகத் தெரியும்.

டாக்டர் என் தோளுக்கு மேலே எட்டித் திரையைப் பார்த்தார். சாசேஜ் வாடை என் கழுத்தில் அடித்தது.

"அய்யய்யோ" என்றார். பிறகு, "பரவால்ல, அந்த முதல் நாலு செகண்டு அருமையா இருக்கு. அதோட வெட்டிக் குடுத்துடும்மா. மிச்சத்த எவன் பாக்கப்போறான்?"

பியர் எடுக்க உள்ளே போனார். நான் அண்ணன் பக்கத்தில் போய் நின்றேன். எதிரே பக்கத்துத் தீவின் பிக்கு மலை மேகத் தொப்பியோடு நின்றது. அவன் அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

"எத்தன அண்ணே?"

"என்ன எத்தன?"

"நாப்பத்தி மூணுல எத்தன இப்படிப் போச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நல்லாப் போனதும் இருக்கு."

"தெரியாமத்தான் தூக்கு தூக்குன்னு கத்துனியா?"

"இந்தா பாரு. முன்னாடி கொன்னு கரையில கட்டித் தொங்கவிட்டோம், ஊரே காறித் துப்புச்சு. இப்ப தண்ணியில விடறோம், கை தட்றாங்க. மீனுக்கு ஒண்ணும் மாறல, ஜனங்களுக்குத்தான் மாறிச்சு. நான் என்ன செய்ய?"

"என்னயச் சாட்சி போட வெச்சியே."

"நான் கையப் பிடிச்சா போட வெச்சேன்? நீதானே பாத்த? நீதானே கையெழுத்துப் போட்ட?"

படகின் ஓரமாகப் போய், காலையில் தின்றதையெல்லாம் கடலில் கக்கினேன். டாக்டருக்கு ஊட்டிய விரல்களில் இன்னும் எண்ணெய் இருந்தது. உப்புத் தண்ணீரில் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

கரைக்கு வந்ததும் அண்ணன் காகிதத்தில் தன் கையெழுத்தைப் போட்டு என்னிடம் நீட்டினான். நான் அதை வாங்கிக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு நடந்தேன். அங்கே இருப்பவள் பெர்னார்டெட், என்னோடு பள்ளியில் படித்தவள். அவள் மேசையிலேயே வைத்து, 'செத்துவிட்டது' என்ற கட்டத்தில் குறி போட்டு, என் பேரை எழுதினேன்.

"ஏண்டி, இந்தக் கட்டத்துல மை பட்டு நான் பாத்ததே இல்லடி" என்றாள். "உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"எங்க படகோட பழைய காகிதத்தையும் எடு."

"எதுக்கு?"

"எடு, சொல்றேன்."

அண்ணன் வாசலில் வந்து நின்றான். பெர்னார்டெட் பழைய காகிதக் கோப்பை மேசையில் விரித்திருப்பதைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிவிட்டது.

"நெலிடா, இன்னிக்கு உள்ளத என்ன வேணா பண்ணிக்கோ. அதத் தொடாத. தொட்டேன்னா நாளைக்கு ஒருத்தன் நம்ம படகுல ஏற மாட்டான்."

"செத்துச்சுன்னு எழுதல அண்ணே. நீந்திப் போச்சுன்னும் எழுதல. பாக்கலன்னு எழுதப் போறேன். அது ஒண்ணுதான் எனக்கு உறுதியாத் தெரியும்."

அவன் திரும்பிப் போய்விட்டான். படகுத்துறைப் பக்கம் போகவில்லை, வீட்டுப் பக்கம் போனான்.

ஒவ்வொன்றாக எடுத்து, கையெழுத்துக்குப் பக்கத்தில் 'நான் பார்க்கவில்லை' என்று எழுதித் தேதி போட்டேன். பெர்னார்டெட் ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தினாள். நாற்பத்து இரண்டு வரை கை வேகமாக ஓடியது. கோப்பின் அடியில் கிடந்தது முதல் வருடத்து முதல் காகிதம். அதில் கையெழுத்துக்குக் கீழே, குறிப்பு எழுதும் இடத்தில், யாரும் கேட்காமலே நான் ஒரு வரி எழுதியிருந்தேன். 'அழகாக நீந்திப் போனாள், வீட்டுக்குத் திரும்புகிறவள் மாதிரி.' அன்று சந்தோஷத்தில் அழுததும் நினைவு வந்தது.

பேனாவை அந்த வரியின் மேல் வைத்தேன். பெர்னார்டெட் முத்திரையைக் கையில் பிடித்தபடி ரொம்ப நேரம் காத்திருந்தாள்.