காலிப் பை

சலவை நிலையத்தில் வேலை முடிந்து வந்து அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நாத்தனார் அவள் குழந்தையின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். வயிற்றில் ஒட்டியிருந்த பை கிட்டத்தட்டக் காலி. சுற்றியிருந்த தோலிலும் சிவப்புக் குறைந்திருந்தது. "பாத்துக்கோ," என்றாள் நாத்தனார். மேற்கொண்டு சொல்லத் தேவையும் இருக்கவில்லை. காலையில் இவள் கையில் இருந்தபோது அதே பை ஓரம் பிரிந்து, தொட்டில் துணியெல்லாம் மஞ்சளாகி, பிள்ளை வீல் வீலென்று கத்தியது கீழ்வீடு வரைக்கும் கேட்டிருந்தது.

பிள்ளைக்குப் பிறந்த கையோடு குடலில் ஒரு பகுதி கெட்டுப்போய், அதை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சக் குடலின் நுனியை வயிற்றின் வழியாக வெளியே கொண்டுவந்து தைத்திருந்தார்கள். குடித்த பால் பாதி வழியிலேயே பைக்கு வந்துவிடும். வருவது தோலில் பட்டால் வெந்துபோகும். எடை ஏறினால்தான் குடலை மறுபடி சேர்த்துத் தைக்க முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏற வேண்டியது எடை. வீட்டில் எல்லோரும் பார்த்ததோ பையை.

நாத்தனார் கல்லூரி விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த வேலையை அவள் விட்டாலும் வேலை அவளை விடவில்லை. தம்பி வீட்டுக்கு ஒத்தாசைக்கு வந்த மறுநாளே டப்பாக்கள் இடம் மாறின, திரைச்சீலைகள் இழுத்துக் கட்டப்பட்டன, இவள் தன் வீட்டு அடுப்படியிலேயே ஸ்பூனுக்கு அனுமதி கேட்க வேண்டியதாயிற்று. மனதுக்குள் இவள் வைத்த பெயரும் வார்டன்தான். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது புருஷன் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்ன வார்த்தை: "அக்கா கையில சமத்தா இருக்கானே. உன் பால்தான் ஒத்துக்கலையோ என்னமோ."

கடையின் பின்னறையில், உறை போட்டுத் தொங்கும் யார் யாருடைய கோட்டுகளுக்கோ நடுவில் நின்று, மார்பு கடுக்கக் கடுக்கப் பீய்ச்சி, மறுநாள் பகலில் நாத்தனார் புகட்டுவதற்காகப் பாட்டிலில் அடைத்துக் கொண்டுவருகிற பால் அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பிள்ளையைப் பாதியிலேயே மார்பிலிருந்து எடுத்துவிட்டாள். தூங்கிவிட்டான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவன் தூங்கவில்லை. ஆனால் பை பிரியவில்லை, புருஷன் எட்டிப் பார்த்து, "பரவாயில்லையே," என்றான். அந்த ஒரு சொல் அவளுக்கு இனித்தது. மறுநாள் காலையிலும் அப்படியே செய்தாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பேர் வாங்குவார்கள், சரி. இங்கே கட்டியது பிள்ளையின் வாயை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மூவரும் போனார்கள். நர்ஸ் குழந்தையைத் தராசில் கிடத்தினாள், தூக்கினாள், மறுபடி கிடத்தினாள். போன தடவையைவிட எடை குறைந்திருந்தது. சிறுநீர்த் துணி நனைகிறதா என்று கேட்டாள். பாலெல்லாம் குடிக்கிறானா என்றும் கேட்டாள். பாட்டில் தினமும் காலியாகத்தான் இருக்கிறது என்று இவள் சொன்னபோது நாத்தனார் தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பை நிறையலேன்னு சந்தோஷப்படாதீங்கம்மா," என்றாள் நர்ஸ். "உள்ள போனாத்தானே வெளிய வரும்?"

ஆபரேஷன் தள்ளிப்போனது. வயிறு நிறையக் கொடுத்து, பிரியப் பிரியப் பை மாற்றி, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அப்போதும் எடை ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி வழியாகத்தான் சத்தை ஏற்ற வேண்டும்.

வழி நெடுக அவள் காலிப் பாட்டிலையே நினைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் குழந்தையைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு அவள் நேரே அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் கழுவும் தொட்டியின் சல்லடையைப் பிடுங்கினாள். அடியில் வெள்ளை வெள்ளையாகத் திரிந்த பால் ஒட்டியிருந்தது. இத்தனை நாளும் வீட்டில் அடித்த புளித்த வாடை பையிலிருந்து வருவதாக நினைத்திருந்தாள். சல்லடையைக் கொண்டுபோய் நாத்தனார் முன்னால் வைத்தாள்.

"என் பாலை இதுலயா ஊத்துனீங்க?"

நாத்தனார் மறுக்கவில்லை. "தோலு வெந்து கத்துறான். நீ கெளம்பிப் போயிடுறே, பகல் முழுக்க நான்தானே கேக்குறேன்? கொஞ்சம் கொறைச்சா ஆறும்னு பாத்தேன். ஆறிச்சே."

"பச்சப்புள்ளையப் பட்டினி போட்டு நல்ல பேரு வாங்கியிருக்கீங்க அண்ணி. இனிமே அவனைத் தொடாதீங்க."

புருஷன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நாத்தனார் கையை உயர்த்தி அவனை அடக்கினாள்.

"ஞாயித்துக்கெழம நீ பாதியில எடுத்தியே, அப்ப நான் கதவுகிட்டதான் நின்னேன். அவன் வாயி சப்பிக்கிட்டே இருந்துச்சு. நர்ஸ்கிட்ட சொல்லியிருக்கலாம். சொல்லல."

சொல்லாமல் விட்டது இரக்கமா, சமயம் வரும்போது எடுக்கலாம் என்று உறைக்குள் வைத்திருந்த கத்தியா என்று அவளுக்குத் தெரியவில்லை. எதுவானாலும் அந்த நிமிஷம் நாத்தனாரை அவள் வெறுத்தாள். தன்னை அதைவிட வெறுத்தாள்.

புருஷன் கையில் பிள்ளை அழத் தொடங்கினான். அவள் பிடுங்காத குறையாக வாங்கி, கட்டிலில் உட்கார்ந்து, மார்பில் போட்டாள். பசித்த வாய் வெடுக்கென்று பற்றியது. கால்கள் உதைத்தன, உதை பைமேல் விழுந்தது. கேட்காமலே நாத்தனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டாள். தொடாதே என்று இவள் மறுபடி சொல்லவில்லை.

பை மெல்ல உப்பியது. ஓரம் பிரிந்து மஞ்சளாக ஒழுகியது. நாத்தனார் ஒரு கையால் துணியைத் தோலோடு சேர்த்து ஒற்றிப் பிடித்தாள். மிச்சம் வழிந்து அவளுடைய வெளிர்நிறப் புடவையின் மடியில் இறங்கியது. இந்தக் கறையை உடனே அலசாவிட்டால் எந்தப் பொடிக்கும் போகாது என்பது சலவைக்காரிக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை. நாத்தனாரும் எழவில்லை. பிள்ளை குடித்துக்கொண்டிருந்தான், கறை முழங்கால் வரைக்கும் பரவிக்கொண்டிருந்தது.